இறந்துபோன நாய் அடிக்கடி கனவில் வருகிறது

கேள்வி (அம்பாசமுத்திரம்):
பல ஆண்டுகள் எங்களோடு வாழ்ந்த கன்னி இன நாய், சென்ற கார்த்திகையில் சிறுநீரகம் பழுதாகி இறந்துவிட்டது. அதன்பின் அடிக்கடி, பெரும்பாலும் விடியற்காலையில், என் கனவில் வருகிறது. நோயின் சுவடே இல்லாமல், என்னோடு வயலுக்கு ஓடிவந்த காலத்து உடற்கட்டோடு வரப்பின்மேல் நிற்கிறது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறதே தவிர அருகில் வருவதில்லை. என்மேல் கோபமோ என்று மனம் கலங்குகிறது. விடியற்காலைக் கனவு பலிக்கும், வீட்டில் யாருக்கோ ஆகாது என்று பக்கத்து வீட்டு ஆச்சி அஞ்சுகிறார். அதற்கு ஏதோ குறை இருக்கிறது, பிடித்ததைப் படைத்துவிடு என்கிறார் மாமியார். நான் என்ன செய்யட்டும்?

மறுமொழி (பாளையங்கோட்டை):
அம்மா, விடியற்காலையில் வருவதற்கு உறக்கத்தின் அமைப்பே காரணம். மூடிய இமைகளுக்குள் கண்கள் விரைந்து அசையும் உறக்கநிலையைச் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆசெரின்ஸ்கியும் கிளைட்மனும் 1953இல் அறிவித்தார்கள். தெளிவான, கதைபோல் நீளும் கனவுகள் பெரும்பாலும் அந்நிலையில்தான் தோன்றுகின்றன. ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை வரும் அந்நிலை முன்னிரவில் சில நிமிடங்களே நீடிக்கும், விடியும் நேரத்தில் வெகுவாக நீளும். அதிலிருந்தே நேராக விழித்துக்கொள்வதால் கனவு மறக்காமல் தங்குகிறது. ஆச்சியின் அச்சத்துக்கு இதில் இடமில்லை. இறந்தவர் நோய் நீங்கி நலமாக வருவதும், மனிதரை இழந்தவர்கள் பலர் காணும் கனவுதான்.

மறுமொழி (கல்லிடைக்குறிச்சி):
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் மாமியாரின் பேச்சைத் தள்ளிவிடாதீர்கள், தங்கச்சி. மனிதர் இறந்தால் பதினாறாம் நாள் காரியம், ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்தில் தர்ப்பணம் என்று அழுவதற்கும் நினைப்பதற்கும் நாள் குறித்து வைத்திருக்கும் நம் ஊரில், வளர்த்த நாய்க்கு அப்படி ஒன்றுமே இல்லை. ‘நாய்தானே’ என்ற ஒரு சொல்லோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. ஊர் ஒப்புக்கொள்ளாத இத்தகைய துக்கத்தை அமெரிக்க அறிஞர் கென்னத் டோகா 1980களிலேயே தனியாகப் பிரித்து ஆராய்ந்தார். பைரவரின் வாகனமென்று நாயைக் கும்பிடுகிற நாம், நம் வீட்டு நாய்க்கு ஒரு பிடி கருவாட்டுச் சோறு வைப்பதில் குற்றம் என்ன? நாயைப் புதைத்த இடத்தில் அந்தச் சோற்றை வையுங்கள், வீட்டார் எல்லாரும் நின்று அழுங்கள். எங்கள் சிப்பிப்பாறை இன நாயைத் தென்னை மூட்டில் புதைத்த பிறகு நாங்கள் செய்தது அதுதான்.

மறுமொழி (பேட்டை):
அண்ணாச்சி சொன்னது சரி. ஆனால் உங்களை மிகவும் வருத்துவது, அது தள்ளி நிற்பதுதான் என்று தோன்றுகிறது. முயல் வேட்டைக்கு வளர்த்த இனமான கன்னி, மேலே விழுந்து கொஞ்சுகிற நாயன்று. கூச்சத்தோடு சற்று விலகி நின்றே தன் ஆளைப் பார்த்துக்கொண்டிருக்கும். உங்கள் நாயும் வயலில் அப்படித்தானே நின்றிருக்கும்? அதன் இயல்பை உங்கள் மனம் பிசகாமல் வைத்திருக்கிறது, இதில் கோபத்தைத் தேட வேண்டாம். உறக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், வேலையும் ஓடாமல் வாரக்கணக்கில் நீண்டால் மட்டும் 14416 என்ற, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண்ணுக்குப் பேசுங்கள். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.