வண்டிக்குள் வெந்நீர்: உங்களுக்கு என்ன ஆச்சு?

அல்சூர்க்காரன்:
சக்லேஷ்புரம் போய் வந்து மூன்று மாதம் ஆகிறது, அந்த ‘டப்’ மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. வாடகைக் கேரவன், கரண்ட், காஸ் இரண்டிலும் ஓடுகிற ஹீட்டர், டேங்க் 10 லிட்டர். காலை ஐந்தரை. எஸ்டேட் பிளக்கில் வயரைச் செருகினேன். சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தால் பச்சைத்தண்ணீர் ஜோராக வந்தது. சரி, டேங்க் நிறைந்திருக்கிறது என்று ஸ்விட்சைப் போட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, ‘டப்’. பாத்ரூமுக்குள் தலை நிறைய சீயக்காயோடு மாமியார், “மாப்பிள்ளை, என்னங்க சத்தம்?” என்கிறார். கடைசியில் டீ போடுகிற பாத்திரத்தில் தண்ணீர் காய்ச்சிக் கதவிடுக்கு வழியாகக் கொடுத்தோம்.

பெங்களூர் திரும்பியதும் ஃபிட்டர் எலிமெண்டை, அதாவது கரண்டில் தண்ணீரைச் சூடாக்குகிற கம்பியை, கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். வெந்த பனங்கிழங்கு மாதிரி நீளவாக்கில் பிளந்திருந்தது. “நீரே இல்லா சார்” என்றார். டேங்கைக் கழுவியவர் பைபாஸ் என்கிற சுற்றுவழியைத் திறந்தபடியே விட்டிருக்கிறார். அப்படி விட்டால் தண்ணீர் டேங்குக்குள் போகாமல் சுற்றிக்கொண்டு நேராகச் சுடுதண்ணீர்க் குழாய்க்கு வந்துவிடுமாம். நான் பார்த்து நம்பிய தண்ணீர் அதுதான். எலிமெண்ட் காசு என் தலையில்.

பீன்யா பட்டறை:
அல்சூர் சார், தப்பு கழுவினவர் மேல் மட்டும் இல்லை. ஹீட்டருக்குப் பின்னால் மூன்று வால்வு இருக்கும்: டேங்குக்குள் போக ஒன்று, வெளியே வர ஒன்று, பைபாஸுக்கு ஒன்று. கைப்பிடி குழாயோடு படுத்திருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. வண்டி எடுக்கும்போது குனிந்து பார்க்க அரை நிமிஷம். இன்னொன்று, காலி டேங்க் நிறையும்போது குழாய் முதலில் புஸ் புஸ் என்று காற்றைத் துப்பும். துப்பவே இல்லை என்றால் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

என் கதை வேறு. சிக்மகளூர் போய் வந்த டெம்போ டிராவலர் ஒன்று, காஸ் ஹீட்டர். மூன்று தடவை ‘டிக் டிக்’ அடிக்கும், சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவுதான். பொறி தட்டியும் சுடர் வந்ததாகத் தெரியாவிட்டால் ஹீட்டரின் கண்ட்ரோல் போர்டு காஸ் வால்வை மூடிவிடும், அது அதன் வேலை. வண்டிக்காரர் போர்டு போச்சு என்று சாதித்தார். பேட்டரி சரி. ரெகுலேட்டர் மாற்றியாச்சு. சிலிண்டரும் மாற்றியாச்சு. இரண்டு நாள் போனது. கடைசியில் காஸோடு காற்று கலந்து போகிற குழாயைக் கழற்றி சைக்கிள் ஸ்போக்கை விட்டால் மண்குளவிக் கூடு, காய்ந்து கட்டியாக இருந்தது. தட்டினேன், பத்துப் பன்னிரண்டு சிலந்தி மேஜையில் விழுந்தது. அதில் ஒன்று காலை மெதுவாக ஆட்டியது. குளவி கொல்லாதாம், மயக்கித்தான் குஞ்சுக்கு வைக்குமாம். அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மடிவாளா அம்மா:
எங்கள் வண்டியில் ஹீட்டருக்கு வெளிப்பக்கம் இருக்கிற பித்தளை வால்வு சொட்டிக்கொண்டே இருந்தது. என் கொழுந்தனார் கைவேலையில் கெட்டிக்காரர், அவரைப் பார்க்கச் சொன்னோம். மறுநாள் சொட்டு நின்றுவிட்டது. மைசூர் ரோட்டில் டீக்கு நிறுத்தினபோது கதவைத் திறந்து பார்த்தேன். வால்வு வாயில் எம்-சீல், வழவழவென்று விரலால் தடவி, கொழுக்கட்டை மாதிரி. ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது! நான் போட்ட சத்தத்தில் டீக்கடைக்காரரே ஓடி வந்தார். அழுத்தமோ சூடோ மிஞ்சினால் வெளியே விடத்தானே அந்த வால்வு. பிறகு ஃபிட்டர் சொன்னார், டேங்கின் தலைப்பக்கம் கொஞ்சம் காற்று நிற்க வேண்டும், அது கரைந்து போனால் சூட்டில் பெருகுகிற தண்ணீருக்கு இடமில்லாமல் சொட்டும் என்று. ஆறவிட்டு, பம்பை நிறுத்தி, குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு வால்வைத் தூக்கிக் கொஞ்சம் வடித்தார். புது வால்வும் போட்டார். கொழுந்தனார் இன்றுவரை “சொட்டு நின்றதா இல்லையா அண்ணி” என்கிறார்.

எலெக்ட்ரானிக் சிட்டி ஃபேஸ் 2:
என் அனுபவம் சின்னது. அமெரிக்காவிலிருந்து திரும்பும்போது ஆசையாக 6 கேலன் ஹீட்டர் கொண்டு வந்தேன், 22 லிட்டர் சொச்சம். எலிமெண்ட் 120 வோல்ட்டுக்குச் செய்தது, 1440 வாட். நான் 230-இல் கொடுத்துவிட்டேன். வோல்ட் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு, வாட் மூன்றரை மடங்குக்கு மேல். ஒயர் நாறிப்போச்சு. முடிந்தது.

ஆனால் பீன்யா அண்ணா கரண்டைப் பற்றியே பேசவில்லை, அதனால் நான் சொல்கிறேன். இன்வெர்ட்டரில் ஓட்டலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெங்களூர்க் குளிரில் 15 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு 10 லிட்டர் காய அரை யூனிட் வேண்டும், 1500 வாட் என்றால் இருபது நிமிஷம். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஆசிட் பேட்டரியில் பாதிதான் பயன்படுத்தலாம் என்று வைத்தால் அதுவும் அரை யூனிட் சொச்சம். ஒருத்தர் குளியலோடு பேட்டரி படுத்துவிடும்.

அடுத்து, உப்புத் தண்ணீர். லாரித் தண்ணீரோ போர் தண்ணீரோ பிடித்தால் எலிமெண்ட் மேல் வெள்ளையாகப் படியும், காய நேரம் ஆகும். இரும்பு டேங்க் என்றால் உள்ளே மெக்னீசியம் கம்பி இருக்கிறதா பாருங்கள். டேங்க் அரிக்காமல் அது அரிபடும், கரைந்ததும் மாற்ற வேண்டும். அலுமினிய டேங்குக்கு இது இருக்காது, போய்க் கடையில் கேட்டுச் சண்டை போடாதீர்கள். பெட்ரோல் பங்குக்குள் நுழையும் முன் காஸ் ஹீட்டரை அணைத்துவிடுங்கள். எல்லாவற்றையும் விட முக்கியம்: வீட்டு காஸ் கீசரை வண்டி பாத்ரூமுக்குள் மாட்டிக்கொள்ளாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆள் விழுந்த பிறகுதான் தெரியும். வண்டி ஹீட்டர் காற்றை வெளியிலிருந்து இழுத்துப் புகையை வெளியே தள்ளுகிற மாதிரி இருக்க வேண்டும்.

பீன்யா பட்டறை:
அண்ணா, என் கதையில் இருந்தது காஸ் ஹீட்டர். குளவி கரண்டில் கூடு கட்டாது.

எலெக்ட்ரானிக் சிட்டி ஃபேஸ் 2:
பொதுவாகச் சொன்னேன்.

அல்சூர்க்காரன்:
மடிவாளா அம்மா, கொழுக்கட்டையைப் படித்துவிட்டு வீட்டில் எல்லோரும் சிரித்தோம், மாமியாரைத் தவிர. அடுத்த மாதம் குடகு போகிறோம், அதே மாதிரி வண்டிதான். இந்தத் தடவை வால்வுகளைப் படம் எடுத்துப் பீன்யாவுக்கு அனுப்பிவிட்டுத்தான் ஸ்விட்சைத் தொடுவேன். மாமியார் அதையெல்லாம் நம்பவில்லை. பையில் ஒரு வாட்டர் ஹீட்டர் ராடும், அதற்கென்று ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டும் எடுத்து வைத்துவிட்டார்.