அன்றாடச் சிற்றொலிகள் தரும் எரிச்சலைக் குறைத்துக்கொள்ள முடியுமா?

கேள்வி:
பேரொலிகள் என்னை அவ்வளவாகத் தொல்லைப்படுத்துவதில்லை. பக்கத்தில் இருப்பவர் மெல்லும் ஓசை, மூக்கை உறிஞ்சும் ஓசை, பேனாவை ஓயாமல் சொடுக்கும் ஓசை ஆகியவைதான் சினத்தைக் கிளப்பிவிடுகின்றன. நாளின் பெரும்பகுதியைக் காதடைப்பான் அணிந்தே கழிக்கிறேன். ஆனால் அதைக் கழற்றியதும் அந்த ஓசைகள் முன்னைவிடத் துல்லியமாகக் கேட்டு வதைக்கின்றன. இவற்றுக்குப் பழகிக்கொள்ள வழியுண்டா? 'கண்டுகொள்ளாதீர்கள்' என்பதைத் தவிர வேறு எதுவானாலும் சொல்லுங்கள்.

மறுமொழி 1:
முதலில் கவனிக்க வேண்டியது அந்தக் காதடைப்பானைத்தான். காதுக்கு வரும் ஒலி நெடுங்காலம் குறைந்தே இருந்தால், மூளை அதை ஈடுகட்டத் தன் கேட்புணர்வைக் கூட்டிக்கொள்கிறது. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு வாரங்கள் காதடைப்பான் அணிந்தவர்களுக்கு அதே ஒலிகள் முன்பைவிட உரக்கக் கேட்டன. அதே காலம் மெல்லிய இரைச்சலைக் கேட்டுவந்தவர்களுக்கோ அவை தணிந்து கேட்டன. அந்த ஆய்வு அளந்தது உரப்பை மட்டுமே, எரிச்சலை அன்று. ஆயினும் உங்கள் விவரிப்பு அதனோடு ஒத்துப்போகிறது. ஆகவே, செவியை உண்மையிலேயே கெடுக்கக்கூடிய இயந்திரச் சத்தங்களுக்காக மட்டும் காதடைப்பானை வைத்துக்கொண்டு, மற்ற நேரங்களில் மின்விசிறியின் இரைச்சலையோ மழையொலிப் பதிவையோ மெல்லிதாக ஓடவிடுங்கள். தொல்லை தரும் ஓசை முற்றிலும் மூழ்கிப்போகும் அளவுக்கு அதைக் கூட்ட வேண்டாம். காதில் விழாத ஒன்றுக்கு மனம் பழக முடியாது.

மறுமொழி 2:
ஓர் ஓசை எதிலிருந்து வருகிறது என்று மனம் கருதுகிறதோ, அதைப் பொறுத்தும் வெறுப்பு கூடுகிறது, குறைகிறது. வெறுப்பூட்டும் ஓசைகளை, அவற்றோடு பொருந்திவரும் இதமான வேறொரு காட்சியுடன் இணைத்துக் காட்டியபோது கேட்டவர்களின் அருவருப்பு குறைந்ததை 2019இல் வெளியான ஆய்வொன்று பதிவுசெய்தது. மெல்லும் ஓசையைச் சரளைக்கல்லில் யாரோ நடப்பதாக எண்ணிக் கேட்டுப் பாருங்கள். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றினாலும் சிலருக்கு இது உதவுகிறது.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது, நிறுத்தும் உரிமை கையில் இருக்கிறது என்ற உணர்வு. உளவியலாளர்களான டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் ஆகியோர் 1972இல் நூலாக வெளியிட்ட சோதனைகளில், பொத்தானை அழுத்தினால் இரைச்சலை நிறுத்திவிடலாம் என்று அறிந்திருந்தவர்கள், பெரும்பாலும் அதை அழுத்தாமலே இருந்தபோதிலும், பின்னர் கொடுக்கப்பட்ட வேலைகளைக் கூடுதல் பொறுமையுடன் செய்தார்கள். வேண்டும்போது எழுந்து செல்ல வசதியான இடத்தில் அமர்வதுகூட இத்தகைய உணர்வைத் தரும்.

மறுமொழி 3:
நீங்கள் சொல்வது மிசோஃபோனியாவாக இருக்கலாம். 2001இல் செவிப்புலன் ஆய்வாளர்களான ஜாஸ்ட்ரெபாஃப் இணையர் சூட்டிய பெயர் அது. குறிப்பிட்ட சில ஓசைகள், அதிலும் வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் எழுபவை, அளவுக்கு மீறிய சினத்தை எழுப்புவதே அதன் இயல்பு. பல்லைக் கடித்துக்கொண்டு அந்த ஓசையையே திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகும் முயற்சி இதில் சினத்தை வளர்த்துவிடக்கூடும் என்பதால், அதை நீங்களாகச் செய்ய வேண்டாம். எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றிக்கொள்ளப் பயிற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பலருக்குப் பயன் தந்திருக்கிறது. உறவுகளும் வேலையும் பாதிக்கப்படுமானால் செவித்திறன் வல்லுநரையும் உளவியலாளரையும் அணுகுங்கள்.

கேட்டவர்:
நன்றி. காதடைப்பானை ஒரேயடியாக விட்டுவிடலாமா? வீட்டாரிடம் இதை எப்படிச் சொல்வது?

மறுமொழி 1:
ஒரேயடியாக வேண்டாம், அமைதியான நேரங்களில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். வீட்டாரிடம் ஓசை எழும் நொடியில் சொன்னால் அது குற்றச்சாட்டாகவே ஒலிக்கும். வேறொரு நேரத்தில், இன்ன ஓசை எனக்கு இப்படிச் செய்கிறது, அப்போது நான் எழுந்து போனால் தவறாக எண்ணாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.