படகில் லங்காவி வரை: எந்த ஃபோன் வாங்கலாம்?

கேள்வி: சிங்கப்பூர் துவாஸில் உள்ள ராஃபிள்ஸ் மரினா படகுத்துறையிலிருந்து மாமாவின் பாய்மரப் படகில் மலாக்கா நீரிணை வழியாக மலேசியாவின் லங்காவித் தீவுக்குப் போகிறோம். பல வாரம் படகில்தான் குடித்தனம். சிம் லிம் ஸ்குவேரில் எந்தக் கடையில் கேட்டாலும் ஐபி68 (தூசி, தண்ணீர் புகாத தரம்) என்கிறார்கள். அது போதுமா?

பதில்: தம்பி, அந்தத் தரத்துக்கான சோதனை நல்ல தண்ணீரில் செய்வது. கடல்தண்ணீர் பட்டால் சார்ஜ் துளையை உப்பு அரித்துவிடும். நல்ல தண்ணீரில் அலசி, நன்றாகக் காய்ந்த பிறகே வயரைச் செருகுங்கள். வயரில்லா சார்ஜ் உள்ள ஃபோன் என்றால் இன்னும் நல்லது. ஈர விரலுக்குத் தொடுதிரை சரியாகக் கேட்காது, பட்டன் உள்ளதாகப் பாருங்கள்.

இன்னொருவர்: இரண்டு சிம் வசதி முக்கியம், மலேசிய சிம் ஒன்று போடுங்கள். கரை தள்ளிப்போனால் சிக்னல் இருக்காது, ஜிபிஎஸ் இருக்கும். வரைபடத்தை இங்கேயே இறக்கிவிடுங்கள்.

கேட்டவர்: சரிண்ணே. ஆபத்து என்றால்?

பதில்: அதற்கு ஃபோனை நம்பவே வேண்டாம் தம்பி. படகுகளில் பேசப் பயன்படும் விஎச்எஃப் ரேடியோ, அதில் ஆபத்து அழைப்புக்கான சேனல் 16. மாமாவிடம் இன்றே கேளுங்கள்.