பழைய மாருதி ஜிப்ஸியை மலைப்பாதைக்குத் தயார் செய்ய முதலில் எதைக் கவனிக்க வேண்டும்? வேலை செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கிரீஸ்கை:
பம்பர், வின்ச், பெரிய டயர் எல்லாம் அப்புறம். ஜிப்ஸி ஏற்றத்தில் எப்படியும் ஏறிவிடும். இறக்கமும் ஸ்டியரிங்கும்தான் கவலை.

50-60 வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்ததும் ஸ்டியரிங் கையை உதறுகிறதா? பல ஒர்க்‌ஷாப்பில் ஸ்டியரிங் டேம்பர் (உதறலை அமுக்கும் ஷாக் அப்சார்பர்) மாட்டி அனுப்பிவிடுவார்கள். அது நோயை மறைக்கும், அவ்வளவுதான். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங்பின் பேரிங், அதாவது சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சின் பேரிங். பக்கத்துக்கு இரண்டு, மொத்தம் நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள்.

மாட்டும்போது இறுக்கம் முக்கியம். டை ராடை (இரு முன் சக்கரங்களையும் இணைத்துத் திருப்பும் கம்பி) கழற்றி, பின்புற சீலைப் போடுமுன் நக்கிள் (கிங்பின்னில் திரும்பும் பாகம்) கையில் ஸ்பிரிங் தராசைக் கொக்கி போட்டு இழுங்கள். 1 முதல் 1.8 கிலோவுக்குள் நகரத் தொடங்க வேண்டும். அதைவிட லேசாக நகர்ந்தால் ஷிம் (இடையில் வைக்கும் மெல்லிய தகடு) ஒன்றை எடுங்கள். நக்கிளுக்குள் கிரீஸ் தண்ணீராக ஓடினால், உள் ஆக்ஸில் சீல் போய் டிஃபரன்ஷியல் (ஆக்ஸிலில் உள்ள பல்சக்கரப் பெட்டி) ஆயில் கலக்கிறது என்று அர்த்தம். திறந்த கையோடு அதையும் மாற்றாவிட்டால் மறுபடி இதே கூலி.

கல்லட்டிக்காரன்:
பிரேக்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசியில் மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் ஆயில் கொதித்து, மிதி பஞ்சாகி உள்ளே போய்விடும். டாட் 3 ஆயில் புதிதில் 205 டிகிரி வரை தாங்கும். ஈரம் குடித்த பிறகு 140தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுக்க வடித்து மாற்றுங்கள். முன் டிஸ்க் பிரேக்கின் காலிப்பர் (பிரேக் பேடை அழுத்தும் பாகம்) நகரும் பின்கள் கையால் தள்ளினால் நகர வேண்டும். பின் டிரம்மைத் திறந்தால் ஷூவில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வீல் சிலிண்டர் அல்லது ஆக்ஸில் சீல் கசிகிறது. ஷூவைத் துடைத்துப் போடுவது வீண், மாற்றத்தான் வேண்டும்.

லீஃப்பட்டை:
டயருக்கு வருவோம். கம்பெனி அளவு 205/70 ஆர்15, விட்டம் சுமார் 668 மி.மீ. எல்லோரும் ஆசைப்படும் 235/75 ஆர்15 சுமார் 733. கிட்டத்தட்ட 10 சதவீதம் பெரிது. அந்த அளவுக்கு எல்லா கியரும் நீண்டுவிடும், எஞ்சின் பிரேக்கிங் (ஆக்ஸிலரேட்டரை விட்டதும் எஞ்சினே வண்டியைப் பிடிப்பது) குறையும். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 66-ல் போகும். மலைக்கு 215/75 போதும் என்பது என் கட்சி. நீள ஷேக்கிள் (பட்டை ஸ்பிரிங்கைச் சட்டத்தோடு இணைக்கும் கண்ணி) போட்டு முன்னால் தூக்கினால் காஸ்டர் (கிங்பின் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) குறைந்து வண்டி அலையும்.

கல்லட்டிக்காரன்:
215 சரி. முன் ஹப்பை ஃப்ரீயில் விட்டு (முன் சக்கரத்துக்கு விசை போகாமல்) 4எல், அதாவது நான்கு சக்கர லோ கியர், போட்டால் பின் சக்கரத்துக்கு மட்டும் லோ கிடைக்கும் என்பதையும் சொல்லுங்கள். தாரில் கொண்டை ஊசி திரும்பும்போது டிரைவ் லைன் முறுக்கிக்கொள்ளாது.

லீஃப்பட்டை:
காய்ந்த தாரில் மட்டும். ஈர இலையும் சேறும் கிடக்கும் இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கிங் முழுக்கப் பின் சக்கரத்திலேயே விழுந்து பின்பக்கம் வழுக்கும். அங்கே ஹப்பை லாக் செய்தே ஆகணும். பின் ஆக்ஸில் ஷாஃப்டுக்கும் பாரம் இரட்டிப்பு, லோவில் கிளட்சைத் திடீரென்று விட வேண்டாம்.

கிரீஸ்கை:
கார்புரேட்டர் வண்டிக்காரர்களுக்கு: ஊட்டி உயரத்தில் காற்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு, பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையாது. அதனால் கறுப்புப் புகை, திணறல். ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்துவிட்டு ஐடில் மிக்சர் ஸ்க்ரூவில் பெட்ரோலைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். கீழே இறங்கியதும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

லீஃப்பட்டை:
ஆயில் அளவு கேட்பவர்களுக்கு: கியர்பாக்ஸ் 1.3 லிட்டர், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்ஸிலுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) 0.8, முன் டிஃபரன்ஷியல் 2, பின் 1.5. ஓடையில் இறங்கி வந்த பிறகு டிஃபரன்ஷியல் வடிகால் போல்டைத் தளர்த்திப் பாருங்கள். பால் நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, அன்றே மாற்றுங்கள். ஸ்பிரிங் பட்டை மாற்றியிருந்தால் 500 கிலோமீட்டரில், பட்டையை ஆக்ஸிலோடு பிடிக்கும் யூ போல்டுகளை மறுபடி இறுக்குங்கள்.