வாயுப் பகுப்பாய்வியின் தொலை அளவுத்திருத்த இணைப்பு: ஸ்பான் கட்டளை தானாகவே தொடங்குகிறது

கேள்வி:
வணக்கம். அகச்சிவப்பு முறையில் கார்பன் மோனாக்சைடை அளக்கும் பகுப்பாய்வியின் பூஜ்ஜியம் (அளக்கும் வாயு இல்லாத நிலைக்கான திருத்தம்), ஸ்பான் (செறிவு தெரிந்த வாயுவைக் கொடுத்துச் செய்யும் திருத்தம்) ஆகிய இரண்டு தொலைக்கட்டளை முனைகளையும் பி.எல்.சி.யின் (ஆலையை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) 24 வோல்ட் டிரான்சிஸ்டர் வெளியீட்டுக் கார்டுடன் நேரடியாக இணைத்துள்ளேன். பூஜ்ஜியக் கட்டளையைக் கொடுத்தால் எதுவும் நடப்பதில்லை. ஆனால் மாதிரி வாயுவின் சோலனாய்டு வால்வு அணையும்போது சில வேளைகளில் ஸ்பான் திருத்தம் தானாகத் தொடங்கிவிடுகிறது. வால்வு, கட்டளை இரண்டின் கம்பிகளும் ஒரே கேபிளில்தான் செல்கின்றன. எங்கே தவறு?

மறுமொழி 1:
முதலில் பி.எல்.சி. கம்பிகளைக் கழற்றிவிட்டு, பகுப்பாய்வியின் கட்டளை முனைக்கும் பொதுமுனைக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். அங்கே மின்னழுத்தம் இருந்தால், உள்ளீட்டுக்கு வேண்டிய மின்சாரத்தைக் கருவியே தருகிறது என்று பொருள். அது எதிர்பார்ப்பது மின்னழுத்தமற்ற வெறும் தொடுப்பை மட்டுமே. எதுவும் இல்லையென்றால், வெளியிலிருந்து 24 வோல்ட் கேட்கும் வகையாக இருக்கக்கூடும். கையேட்டின் முனைப் படத்தைப் பார்த்து உறுதி செய்யாமல் மின்சாரம் கொடுத்துவிட வேண்டாம்.

கேட்டவர்:
4.9 வோல்ட் காட்டுகிறது.

மறுமொழி 1:
அப்படியானால் வெறும் தொடுப்பை எதிர்பார்க்கும் முனையில் 24 வோல்ட்டைச் செலுத்தியிருக்கிறீர்கள். உள்ளீடு கெடாமல் இருந்தால் அதிர்ஷ்டம்தான். ஒவ்வொரு கட்டளைக்கும் ஓர் இடைநிலை ரிலேயை வைத்து, அதன் சுருளை பி.எல்.சி.யும், இயல்பில் திறந்திருக்கும் தொடுப்பைப் பகுப்பாய்வியும் பயன்படுத்தும்படி பிரித்துவிடுங்கள். தங்க முலாம் பூசிய தொடுப்புள்ள ரிலேயாக இருக்கட்டும். 5 வோல்ட்டில் சில மில்லி ஆம்பியர் மட்டுமே ஓடும்போது, சாதாரண வெள்ளித் தொடுப்பின் மேற்பரப்பில் படியும் படலம் உடைபடாமல் நின்றுவிடும்.

மறுமொழி 2:
ரிலே மட்டும் போதாது. சோலனாய்டின் சுருள் அணையும்போது எழும் மின்னழுத்தத் துடிப்பு, பக்கத்துக் கம்பியில் தூண்டப்பட்டு, கட்டளையைப் போல வேடமிடுகிறது. சுருள் நேர்மின்சாரத்தில் இயங்குவதாயின் அதன் குறுக்கே ஒரு டையோடை, கேத்தோடு நேர்முனையில் இருக்கும்படி, இணையுங்கள். திருப்பி இணைத்தால் வெளியீட்டுக் கார்டே குறுக்குச்சுற்றாகிவிடும். கட்டளைக் கம்பிகளைத் தனியான கவசக் கேபிளில் கொண்டுசென்று, கவசத்தை ஒரு முனையில் மட்டும் தரையிணைப்புச் செய்யுங்கள்.

கேட்டவர்:
இரண்டையும் செய்தேன்; கட்டளைகள் இப்போது ஒழுங்காக நடக்கின்றன. ஆனால் ஸ்பான் வாயு உள்ளே வந்ததும், அளவீட்டைத் தெரிவிக்கும் 4–20 மில்லி ஆம்பியர் வெளியீடு உயர்ந்து, உயர்நிலைப் பாதுகாப்பு நிறுத்தம் இயங்கிவிட்டது.

மறுமொழி 2:
‘அளவுத்திருத்தம் நடக்கிறது’ என்னும் நிலைத் தொடுப்பு உங்கள் கருவியில் இருந்தால், அதை பி.எல்.சி.யின் உள்ளீட்டுக்குக் கொண்டுவந்து, அந்த நேரத்தில் கடைசி மதிப்பைப் பிடித்துவைக்கச் சொல்லுங்கள். திருத்தம் முடிந்தவுடன் தொடுப்பு திறந்துவிடும், ஆனால் ஸ்பான் வாயு குழாயிலும் அளவைக் கலத்திலும் இன்னும் தங்கியிருக்கும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்; எனவே அணையும்போது தாமதிக்கும் டைமரை வைத்து, மாதிரி வாயு மீண்டும் நிலைபெற ஆகும் நேரத்தை நீங்களே அளந்து, சிறிது கூடுதலாகக் கொடுங்கள். பிடித்துவைத்த நேரம் முழுவதும் அந்தப் பாதுகாப்பு செயல்படாது என்பதால், மாற்றுப் பாதுகாப்பு வேண்டுமா என்பதை ஆலையின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.