டு நாட் டிஸ்டர்ப் போட்டும் தேர்வு நடுவே ஆன்டிவைரஸ் பாப்அப் வருகிறது, உதவுங்கள்

கேள்வி:
வரும் சனிக்கிழமை ஆன்லைன் தேர்வு, வெப்கேம் கண்காணிப்போடு. நேற்று மாதிரித் தேர்வு எழுதும்போது ஆன்டிவைரஸ் பெட்டி ஒன்று மூலையில் எட்டிப்பார்த்தது. உடனே தேர்வுப் பக்கம் "திரையை விட்டு வெளியேறினீர்கள்" என்று எச்சரித்தது. நான் எதையும் தொடவே இல்லை! விண்டோஸ் 11-இல் டு நாட் டிஸ்டர்ப் போட்டிருந்தும் எப்படி வருகிறது? பேசாமல் ஆன்டிவைரஸை அன்இன்ஸ்டால் செய்துவிடவா?

பதில் 1:
அவசரப்படாதீர்கள். டு நாட் டிஸ்டர்ப் அடக்குவது விண்டோஸ் வழியாக வரும் அறிவிப்புகளை மட்டும்தான். சில ஆன்டிவைரஸ்கள் தங்கள் பெட்டியைத் தனி விண்டோவாகத் தாங்களே திறக்கின்றன. அது முன்னால் வந்ததும் பிரவுசரின் ஃபோகஸ், அதாவது இப்போது பயன்பாட்டில் உள்ள விண்டோ என்ற நிலை, பறிபோகலாம். தேர்வுப் பக்கத்துக்கு நீங்கள் வேறு விண்டோவுக்குப் போனதும் இதுவும் ஒன்றுதான். ஆன்டிவைரஸ் செட்டிங்ஸுக்குள் அதன் அறிவிப்புகளை அடக்கிவைக்கும் சைலண்ட் மோட் அல்லது கேம் மோட் இருக்கிறதா பாருங்கள். சிலவற்றில் திரை முழுவதையும் ஒரே செயலி நிரப்பினால்தான் அது வேலை செய்யும். அப்படியானால் பிரவுசரில் எஃப்11 அழுத்திவிட்டு எழுதுங்கள். தேர்வு நேரத்தில் ஓடாதபடி ஸ்கேன் நேரத்தையும் மாற்றிவிடுங்கள்.

பதில் 2:
கூடவே வெப்கேம் பாதுகாப்பு என்று ஒன்று இருந்தால் அதில் பிரவுசருக்கு அனுமதி கொடுங்கள். இல்லையென்றால் தேர்வு தொடங்கும் நேரத்தில் கேமரா கறுப்பாக நிற்கும். விண்டோஸ் அப்டேட்டை ஒரு வாரம் நிறுத்திவைப்பதும் நல்லது.

கேட்டவர்:
சைலண்ட் மோட் போட்டேன். ஸ்கேன் அறிவிப்பு நின்றது, ஆனால் "இன்றே புதுப்பியுங்கள்" என்ற சந்தா விளம்பரம் மட்டும் விடாமல் வருகிறது. இலவசப் பதிப்பு.

பதில் 1:
அதுதான் இலவசத்தின் விலை. சலுகை அறிவிப்புகளுக்குத் தனி சுவிட்ச் இருந்தால் அணையுங்கள். இல்லையா, சரி, இப்போது அன்இன்ஸ்டால் செய்யலாம். ரீஸ்டார்ட் செய்ததும் விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் தானாகவே பொறுப்பெடுத்துக்கொள்ளும், கணினி காவலில்லாமல் கிடக்காது. டிஃபெண்டரையும் அணைக்கப் பார்க்காதீர்கள். ரியல்டைம் பாதுகாப்பை நிறுத்தினாலும் கொஞ்ச நேரத்தில் அதுவே திரும்ப இயங்கும். இதையெல்லாம் தேர்வன்று காலையில் செய்யாமல் இன்றே முடியுங்கள்.

கேட்டவர்:
எடுத்துவிட்டேன், டிஃபெண்டர் ஓடுகிறது. மாதிரித் தேர்வு எச்சரிக்கை இல்லாமல் முடிந்தது. அசல் தேர்வில் ஏதாவது வந்துவிட்டால்?

பதில் 2:
பதறி அங்கும் இங்கும் கிளிக் செய்யாதீர்கள். கண்காணிப்பாளரோடு சாட் வசதி இருந்தால் அப்போதே ஒரு வரி எழுதுங்கள். இல்லையென்றால் நேரத்தைக் குறித்து வைத்து, முடிந்ததும் நடத்துபவர்களுக்கு மெயில் அனுப்புங்கள்.