பழைய ஐரோப்பிய ஃபெல்ட் தொப்பிகள்: தோல்பட்டையைப் புரட்டாமல் காசு கொடுக்காதீர்கள்

மயிரை அழுத்திப் பின்னவைத்துச் செய்த பழைய ஃபெல்ட் தொப்பி கைக்கு வந்ததும் கண் முதலில் போவது உள்ளே பொன்னெழுத்தில் பதித்த பெயருக்குத்தான். பல நேரம் அது கடைக்காரர் பெயர். வியன்னாவிலும் மிலானிலும் பாரிஸிலும் இருந்த கடைகள் ஆலையில் தொப்பியை வாங்கி, உள்ளே நெற்றியைத் தொடும் தோல்பட்டையில் தங்கள் பெயரை அடித்து விற்றன. செய்தவர் யார் என்று தெரிய வேண்டுமானால் அந்தப் பட்டையைக் கீழே புரட்ட வேண்டும். பின்புறம், தையல் இருக்கும் இடத்தில், ஒரு சின்னக் காகிதச் சீட்டு ஒட்டியிருக்கும். அளவு, நிற எண், சில சமயம் ஆலை முத்திரை அதில்தான்.

ஆண்டு எண்ணைக் கண்டு ஏமாறுவதும் நிறையப் பேருக்கு நடக்கிறது. இத்தாலியின் பெயர்பெற்ற போர்சலினோ தொப்பியில் '1857' என்று இருந்தால் அது ஜுசெப்பே போர்சலினோ அலெஸ்ஸாண்ட்ரியாவில் பட்டறை தொடங்கிய ஆண்டு. 'பாரிஸ் 1900' என்பது அந்த ஆண்டு உலகக் கண்காட்சியில் வாங்கிய பரிசு. இரண்டுமே தயாரித்த காலத்தைச் சொல்லாது. காலம் சொல்பவை வேறு. இத்தாலிய அரச குடும்பத்தின் சின்னம் இருந்தால் பெரும்பாலும் 1946க்கு முந்தையது. அந்த ஆண்டு ஜூனில்தான் மக்கள் வாக்களித்து மன்னராட்சியை அனுப்பினார்கள். ஜெர்மன் தொப்பியில் 'டி.ஆர்.ஜி.எம்.' என்ற பதிவுக் குறி இருந்தால் 1891க்குப் பிறகு, இரண்டாம் உலகப்போர் முடிந்த சில ஆண்டுகளுக்குள். வியன்னாவின் ஹாபிக் போன்ற நிறுவனங்கள் போட்ட, 'அரசவைக்குத் தொப்பி தருபவர்' என்ற பட்டம் 1918க்கு முந்தைய காலத்தைக் காட்டும் என்றாலும், அதை மட்டும் நம்பி விலை பேசக்கூடாது. ஆஸ்திரியப் பேரரசு போன பிறகும் பழைய பெருமையை விட மனம் வராத கடைகள் உண்டு.

ஒரே ஊரில் இரண்டு போர்சலினோ இருந்ததையும் நினைவில் வையுங்கள். ஜுசெப்பேயின் உறவினர் ஜொவான்னி பத்திஸ்தா தனியே போய் 'ஃபு லாஸ்ஸாரோ' என்ற பெயரில் போட்டி ஆலை நடத்தினார். பிறகு இரண்டும் ஒன்றாயின. அந்த முத்திரை இருந்தால் போலி என்று ஒதுக்க வேண்டாம். ஃபெல்ட் நன்றாகவே இருக்கும், விலைதான் குறைவு.

*

மேலே சொன்னதோடு, இன்று செக் நாட்டில் இருக்கும் மொராவியாவையும் சேர்க்க வேண்டும். ஜெர்மன் மொழியில் நொய்டிட்ஷைன், செக்கில் நோவி யிச்சீன்: ஒரே ஊர். 1799இல் தொடங்கிய ஹூக்கல் குடும்பத் தொழில் அங்கே பெரிய ஆலையாக வளர்ந்தது. 1945க்குப் பிறகு அரசுடைமையாகி டோனாக் என்ற பெயருக்குள் போனது. ஆகவே உள்ளே டோனாக் என்றிருந்தால் போருக்குப் பிந்தையது, அந்த ஊர் பெயரோடு ஹூக்கல் என்றிருந்தால் பெரும்பாலும் முந்தையது. 

அந்த ஊரின் பெருமை வெலூர் (velour) என்ற பட்டுப்போன்ற ஃபெல்ட். நீண்ட மயிர் ஒரே பக்கம் படிந்து, விரலால் எதிர்த் திசையில் தள்ளினால் நிறம் ஒரு படி கறுக்கும். தள்ளிய இடத்தில் மயிர் எழும்பாமல் அடித்தோல்போல வழவழப்பாகத் தெரிந்தால் தேய்ந்துவிட்டது என்று பொருள். தூரிகை போட்டாலும் திரும்ப வராது. முன்பக்கம் இரண்டு விரல் கிள்ளிப் பிடிக்கும் இடத்திலும் விளிம்பின் மேல் ஓரத்திலும்தான் இது முதலில் தெரியும். விற்பவர் படம் எடுக்காமல் விடுவதும் அந்த இரண்டு இடங்களைத்தான்!

பெரிய பெயர்களை மட்டும் துரத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பியெல்லா பக்கம் சாலியானோ மிக்காவின் பார்பிசியோ, மஜ்ஜோரே ஏரிக்கரை கிஃபாவின் பனிஸ்ஸா, பிரான்சில் பூர்-த-பேயாஜின் மொஸ்ஸான் — இவற்றின் ஃபெல்ட் போர்சலினோவுக்கு ஒரு மயிரளவும் குறைந்ததில்லை. கிஃபாவிலும், லியோனுக்கு அருகே ஷஸெலிலும், ஜெர்மனியின் லிண்டன்பெர்கிலும் தொப்பி அருங்காட்சியகங்கள் உள்ளன. கூம்பு வடிவ மயிர்த் திரளிலிருந்து தொப்பி எப்படிச் சுருங்கி வருகிறது என்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

*

வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்.

இருட்டறையில் டார்ச்சைத் தொப்பிக்குள் வைத்து எரியுங்கள். லைனிங் இருந்தால் மெல்ல ஒதுக்கிக்கொள்ள வேண்டும். அந்துப்பூச்சி முழுக்கத் துளைத்த இடம் ஊசிமுனைப் புள்ளியாக ஒளிரும். மேலோட்டமாக மேய்ந்த இடம் ஒளிராது. வெளியிலிருந்து சாய்த்து வெளிச்சம் அடித்தால் வளைந்து நெளியும் பள்ளமாகத் தெரியும். பள்ளத்தைத் தூரிகையால் ஓரளவு மறைக்கலாம், துளையை மறைக்க முடியாது.

தோல்பட்டையைப் பின் தையலருகே மட்டும் ஒரு சென்டிமீட்டர் வளைத்துப் பாருங்கள். நொறுங்கும் சத்தம் கேட்டால் உடனே விட்டுவிடுங்கள். அந்தப் பட்டைக்கு எந்த எண்ணெயும் உயிர் கொடுக்காது. வளைகிறதென்றால் லானோலின் (ஆட்டுமயிர்க் கொழுப்பு) பட்டாணி அளவு போதும், அதுவும் பட்டையின் பின்பக்கத்தில். பொன்னெழுத்து இருக்கும் முகப்பில் எதுவும் வேண்டாம், எழுத்து கையோடு வந்துவிடும்.

அளவைச் சீட்டில் பார்த்து நம்பாதீர்கள். வயதான தோல் சுருங்கும்போது ஃபெல்ட்டையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். 58 என்று போட்டது உள்ளே 57 கூட வராமல் இருக்கலாம். துணி டேப்பைப் பட்டையின் உள்பக்கம் சுற்றி அளந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 58 செ.மீ. என்பது அமெரிக்க அளவில் 7¼, பிரிட்டிஷ் அளவில் 7⅛. இதைக் குழப்பி ஒரு அளவு மாற்றி வாங்குபவர்கள் ஏராளம். சிறியதை இழுத்துப் பெரிதாக்கலாம் என்று நினைத்தால், காய்ந்த பட்டை தையல் ஓட்டைகளில் தபால்தலை கிழிவதுபோல வரிசையாகக் கிழியும். பெரியதைச் சிறிதாக்குவது எளிது: பட்டைக்குப் பின்னால் மெல்லிய ஃபெல்ட் துண்டைச் செருகினால் முடிந்தது.

*

வடிவத்தைச் சரிசெய்ய ஆவி பிடிப்பதில்தான் அதிகத் தொப்பிகள் பாழாகின்றன. பட்டையை முழுக்க வெளியே புரட்டிவிட்டுத்தான் கெட்டிலை அணுக வேண்டும். ஈரமும் சூடும் சேர்ந்தால் பழைய தோல் நிமிடத்தில் சுருண்டு விறைத்துவிடும். ஃபெல்ட்டைக் கெட்டில் மூக்கிலிருந்து சுமார் 20 செ.மீ. தள்ளி, ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்தி, 10 முதல் 15 விநாடி காட்டினால் போதும். கையால் வடிவம் கொடுத்து ஒரு நாள் அப்படியே காயவிடுங்கள். ஊறும்வரை காட்டினால் ஃபெல்ட்டுக்கு விறைப்பூட்டிய அரக்கு இளகி மேலே வந்து, காய்ந்ததும் வெளிறிய திட்டாக நிற்கும். (அந்த அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போனது என்பது ஒரு வேடிக்கை.) இதே காரணத்துக்காக ஸ்பிரிட், சானிடைசர், ஆல்கஹால் கலந்த எதையும் கறை எடுக்கத் தொடக்கூடாது. அரக்கு ஆல்கஹாலில் கரையும்.

தூசி தட்டத் தூரிகையை இடஞ்சுழியாக, மயிர் படிந்த திசையில் ஓட்டுங்கள். வெளிர் நிறத்துக்கு ஒன்று, கருமைக்கு ஒன்று என்று தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

பாதரசத்தைப் பற்றிப் பலர் சிரித்துவிட்டுப் போகிறார்கள். முயல், பீவர் மயிர் பின்னிக்கொள்வதற்காகப் பாதரச நைட்ரேட் தடவுவது 19ஆம் நூற்றாண்டு முழுக்க நடந்த முறை. 20ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. அமெரிக்காவில் 1941இல்தான் நின்றது. பழைய ஃபெல்ட்டில் அதன் மிச்சம் இருக்கலாம். தலையில் வைப்பதைவிட, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் மூடிய அறையில் ஆவி பிடிப்பதும்தான் ஆபத்து. உப்புத்தாளே வேண்டாம். ஆவியை ஜன்னல் திறந்துவைத்து, நைட்ரைல் கையுறையோடு பிடியுங்கள்.

*

புதிதாக வந்த தொப்பியை மற்றவற்றோடு சேர்க்கும் முன், அந்துப்பூச்சி சாவதற்காகப் பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி இறுக்கக் கட்டி, ஃப்ரீசரில் −18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வர ஒரு நாள் விடாவிட்டால் ஈரம் ஃபெல்ட்டின் மேலேயே படியும். பட்டை நொறுங்கும் நிலையில் இருக்கும் தொப்பியை இதில் போட யோசியுங்கள், அதை வெளியே வைத்துப் பூச்சி இருக்கிறதா என்று அடிக்கடி பார்ப்பதே மேல்.

பட்டையை மாற்றியே தீரவேண்டுமென்றால், பழைய ஊசி ஓட்டைகளிலேயே தையுங்கள். புதிய ஓட்டை போட்டால் விளிம்பின் வேரில் ஃபெல்ட் கிழியத் தொடங்கும். பின்புற நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் சமமாக வாருங்கள். கழற்றிய பட்டையையும் காகிதச் சீட்டையும் உறையில் போட்டுத் தொப்பியுடனேயே வையுங்கள். அவை இல்லாத ஹூக்கலை யாரும் ஹூக்கல் விலைக்கு எடுக்க மாட்டார்கள்.